மொட்டை மாடியில் மடக்கிய கம்பி

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மாடி எடுக்க நினைத்திருக்கும் குடும்பங்களுக்கும், அந்த வீடுகளுக்குக் கம்பி கட்டித் தரும் தம்பிகளுக்கும்,



உங்கள் மொட்டை மாடிகளின் மூலைகளில் கம்பிகள் நிற்கின்றன. கையில் நாலு காசு சேர்ந்ததும் மேலே ஒரு தளம் எடுக்கலாம் என்று, கீழ்வீடு கட்டும்போதே தூண் உச்சியில் விட்டுவைத்தவை. சில வீடுகளில் அவை நேராக நிற்கின்றன. சில வீடுகளில், பிள்ளைகள் ஓடிவந்து மோதிக்கொள்ளக் கூடாது என்றோ, வலையும் கருவாடும் காயப்போட இடம் வேண்டும் என்றோ, இரும்புக் குழாயை மாட்டி ஒரே அழுத்தாக அழுத்திப் படுக்கவைத்திருக்கிறார்கள். மாடி எடுக்கும் அன்றைக்கு அதே குழாயை மாட்டி நிமிர்த்திக்கொள்ளலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் பக்கத்து பெசன்ட் நகர்க்காரன். கட்டடக் கம்பியை எந்திரத்தில் பிடித்து அறும் வரை இழுத்துப் பார்க்கும் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாயங்காலம் முகத்துவாரம் வரை நடக்கும்போது மற்றவர்கள் கடலைப் பார்ப்பார்கள். எனக்குக் கண் கூரைக் கம்பிமேல்தான் போகும். பழக்கதோஷம்.

தம்பிகளே, உங்கள் கையில் இருக்கும் கட்டுக் கம்பியிலிருந்தே தொடங்குகிறேன். கொக்கியை மாட்டி ஒரு சுற்று, இரண்டு சுற்று; கட்டு இறுகுகிறது. அடுத்த சுற்றில் கம்பி முரண்டு பிடிப்பது கைக்குத் தெரியும். பேச்சுவாக்கில் இன்னும் ஒரு சுற்று போய்விட்டால் பட்டென்று அறுந்து கொக்கியோடு வந்துவிடும். ஒரு தளத்துக்குக் கம்பி கட்டி முடிப்பதற்குள் இந்த இணக்கத்தையும் முரண்டையும் முறிவையும் உங்கள் மணிக்கட்டு எத்தனையோ தடவை படித்துவிடுகிறது. நடுவில் வரும் அந்த முரண்டுக்குத்தான் உலோகவியலில் திரிபு இறுக்கம் என்று பெயர். வளைத்தால், முறுக்கினால், தட்டினால், இழுத்தால், குளிர்ந்த நிலையிலேயே உலோகம் முன்னைவிட உறுதியாகிறது.

கட்டுக் கம்பி ஏன் கருப்பாக இருக்கிறது? ஆலையில் தடித்த கம்பியைச் சிறிய துளைகள் வழியாக இழுத்து இழுத்துத்தான் அதை மெலியவைக்கிறார்கள். இழுக்க இழுக்க அது விறைத்துப்போகிறது. அந்த விறைப்போடு உங்கள் கைக்கு வந்தால் ஒரு சுற்றுகூடச் சுற்ற முடியாது. அதனால் உலையில் சிவக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டு, விறைப்பைக் கழற்றிய பிறகே கடைக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சூட்டின் படிவுதான் கருப்பு. விறைப்பு ஏறுவதற்கு வளைத்தால் போதும்; இறங்குவதற்கு நெருப்பு வேண்டும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

உள்ளே நடப்பது என்ன என்று கண்டுபிடிக்க மனிதர்களுக்கு ரொம்பக் காலம் பிடித்தது. இரும்புக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. வளைகிறது என்றால் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின்மேல் வழுக்குகிறது என்று அர்த்தம். முழு அடுக்கும் ஒரே நேரத்தில் வழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று 1926இல் யாக்கவ் ஃப்ரெங்கல் என்ற ரஷ்ய இயற்பியலாளர் கணக்கிட்டார். தூய உலோகப் படிகம் நிஜத்தில் வளைகிற விசையைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கும் மேலாக விடை வந்தது. கணக்கில் தவறில்லை, அப்படியானால் உலோகம் ஏன் இவ்வளவு சுலபமாக வளைகிறது? 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி என்ற மூன்று பேர், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமல், ஒரே பதிலைச் சொன்னார்கள். அடுக்கு பிசகில்லாமல் இல்லை. நடுவில் ஒரு வரிசை பாதியில் நின்றுபோயிருக்கும். அந்தப் பிசகு ஒரு வரிசை ஒரு வரிசையாக நகர்ந்து மறுகரைக்குப் போய்விட்டால், மொத்த அடுக்கும் ஒரு படி வழுக்கியதாகிவிடும். மொத்தமாகத் தள்ள வேண்டியதே இல்லை. 1956இல் கேம்பிரிட்ஜில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அடியில் இந்தப் பிசகுக் கோடுகள் நகர்வதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள்.

பிசகு இருப்பதால்தான் உலோகம் வளைகிறது. வளைக்க வளைக்கப் பிசகுகள் பெருகுகின்றன. பெருகினால் இன்னும் சுலபமாகத்தானே வளைய வேண்டும்? அங்கேதான் திருப்பம். ஒரு திசையில் நகரும் கோடு, குறுக்கே வரும் கோட்டில் மாட்டிக்கொள்கிறது. அதன்மேல் மூன்றாவது வந்து விழுகிறது. ஒழுங்காக மடித்த வலை சரசரவென்று கடலில் இறங்கும். சிக்கு விழுந்த வலை எந்தப் பக்கம் இழுத்தாலும் வராது, இழுக்கிற இழுப்பிலேயே சிக்கு இறுகும். நூல் அதே நூல்தான். நன்றாக அடித்து வளைத்த உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள், அதாவது சுண்டுவிரல் நுனி அளவு இடத்தில், இருக்கும் பிசகுக் கோடுகளை எல்லாம் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் நிலாவுக்குப் போய்த் திரும்பும் தூரத்தையும் தாண்டும்.

இந்த உறுதி வீட்டில் பல இடத்தில் இருக்கிறது. அக்காமார் தி. நகரில் பேரம் பேசி வாங்கிவந்த எவர்சில்வர் குடத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். வயிற்றில் ஒட்டாத காந்தம், தகடு நன்றாக இழுபட்டு மடிந்த கழுத்திலும் விளிம்பிலும் லேசாக ஒட்டும். போலி எஃகு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்; நல்ல 304 ரகமே இழுபட்ட இடத்தில் உள்ளமைப்பு மாறி, இறுகி, காந்தத்துக்கும் ஆட்படும். 2015இல் தொடங்கிய உங்கள் குப்பத்து விழாவில் கச்சேரி கேட்டவர்கள் தம்புராவைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி வாத்தியங்களின் எஃகுத் தந்தி, துளை வழியாக இழுத்தே இறுகவைத்தது. சாதாரண இரும்புக் கம்பி சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் விசையில் நெகிழத் தொடங்கும். இசைத் தந்தியோ 2000-ஐத் தாண்டியும் தாங்கும். அவ்வளவு உறுதியான எஃகு உங்கள் வீட்டுத் தூணுக்குள் இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். ஏன் என்று வருகிறேன்.

ஒரு காலத்தில் வீட்டுக் கம்பியையும் இப்படித்தான் இறுகவைத்தார்கள். டார் கம்பி என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெறும் மென்னிரும்புக் கம்பியைப் புடைப்பு வரிகளோடு உருட்டி, ஆறவைத்து, இரு முனையையும் பிடித்து முறுக்குவார்கள். வேறு எதையும் சேர்க்கவில்லை, சூடும் காட்டவில்லை. 250இல் நெகிழ்ந்த இரும்பு 415 வரை தாங்கியது. குறைந்த கம்பியில் அதே தளத்தைப் போடலாம் என்று ஆனதால் 1970-களிலும் 80-களிலும் நாடு முழுக்க அது பரவியது. ஆனால் மென்னிரும்பு அறுவதற்கு முன் 23 விழுக்காடாவது நீளும். 415 ரகத்துக்கு இந்தியத் தரம் கேட்கும் நீட்சி 14.5தான். இரும்பின் எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லையே, கூடிய உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், காணாமல்போன இந்த நீட்சியிலிருந்துதான் வந்தது.

உங்கள் வீடு பழையதா? காரை உதிர்ந்த இடத்தில் தெரியும் கம்பியைப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் புடைப்பு வரி நேராக இல்லாமல் கம்பியைச் சுற்றிக்கொண்டு போனால், அது முறுக்கிய பழைய கம்பி. முறுக்கிய இரும்பு, முறுக்காததைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். உள்ளே தங்கிய இறுக்கமே துருவுக்குத் தூண்டுதல், முறுக்கும்போது மேல்தோலும் வெடித்திருக்கும். உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம். கம்பி ஓடும் திசையிலேயே கான்கிரீட்டில் நீளமாக விரிசல் விட்டிருந்தால், மேலே பூச்சு பூசி மறைத்துவிட்டு அதன்மேல் மாடி எடுக்காதீர்கள். பொறியாளர் ஒருவர் தட்டிப் பார்க்காமல் அந்தத் தூணுக்கு ஒரு செங்கல் பாரம்கூட ஏற்றக் கூடாது. (முகத்துவாரத்தில் நிற்கும் உடைந்த பாலத்தைச் சாட்சிக்கு இழுக்கவில்லை. 1977இல் அதைச் சாய்த்தது ஆற்று வெள்ளம். கம்பிமேல் பழி போட என்னிடம் ஆதாரம் இல்லை.)

இப்போது கடையில் கிடைப்பது டி.எம்.டி. பழக்கத்தில் இதையும் முறுக்குக் கம்பி என்றே கேட்டு வாங்குகிறோம். இதை யாரும் முறுக்குவதில்லை. உருளையிலிருந்து சிவக்கச் சிவக்க வெளிவரும் கம்பிமேல் வேகமாகத் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள். வெளித்தோல் சட்டென்று கெட்டியாகிறது, உள்ளே மிருதுவாகவே ஆறுகிறது. உறுதியும் நீட்சியும் ஓரளவு சேர்ந்தே கிடைப்பது இதில்தான். ஆனால் ஆலையில் முறுக்காமல் வந்ததை நாம் மாடியில் மடக்கி இறுக்கிவிடுகிறோம்.

மடக்கிய கம்பிக்கு வருகிறேன். 12 எம்.எம். கம்பியை, அதைப் போல் நாலு மடங்கு குறுக்களவுள்ள உருளையைச் சுற்றி நிதானமாக வளைத்தால் மடிப்பின் வெளிப்பக்கம் 20 விழுக்காடு நீள்கிறது. உட்பக்கம் அதே அளவு நசுங்குகிறது. குழாயை மாட்டித் தூணின் விளிம்பிலேயே மடக்கும்போது அங்கே உருளை ஏது? கான்கிரீட் மூலைதான். நீட்சி 30-ஐத் தாண்டிப் போய்விடும். கம்பி உடையாமல் மடங்கிவிட்டது என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறோம். அந்த ஒரு விரற்கடை இடம் இப்போது வேறு உலோகம். பக்கத்தைவிட இறுகியது, பக்கத்தைவிட நீள மறுப்பது.

இதற்கு ஆய்வகம் வேண்டாம். மடக்கிய கம்பியை நிமிர்த்தும்போது பாருங்கள்: மடிந்த இடம் நிமிராது. அதற்கு மேலும் கீழும் உள்ள இளகிய இடம் எதிர்ப்பக்கமாக வளையும். கடைசியில் நேர்க்கம்பி கிடைக்காது, நெளிந்த கம்பிதான் கிடைக்கும். எந்த மேஸ்திரி நிமிர்த்தினாலும் அந்த நெளிவு போகாது. கைத்திறனில் குறை இல்லை, இறுகிய இடம் தன் இறுக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த நெளிவையும் சம்மட்டியால் தட்டி நேராக்கிவிட்டால் பார்வைக்கு எல்லாம் சரியாகிவிடும். அதுதான் இன்னும் மோசம். முதலில் நசுங்கிய உட்பக்கம் இப்போது இழுபடுகிறது. புடைப்பு வரிகளின் அடியில், கண்ணுக்குத் தெரியாத அளவில், அங்கேதான் விரிசல் தொடங்கும்.

மடக்கிய மறுநாளே நிமிர்த்துவதற்கும் ஐந்து வருடம் கழித்து நிமிர்த்துவதற்கும் வித்தியாசம் உண்டு. இரும்புக்குள் துளியளவு கரியும் நைட்ரஜனும் கலந்திருக்கின்றன. அந்தச் சின்ன அணுக்கள் நகர்ந்து நகர்ந்து பிசகுக் கோடுகளின் ஓரமாகப் போய்த் தங்கிவிடும். தங்கினால் அந்தக் கோடு அசைவது இன்னும் கடினம். இதை 1949இல் காட்ரெல், பில்பி என்ற இருவர் விளக்கினார்கள். நம் ஊர் வெயிலில் மாதங்கள், வருடங்கள் கிடந்த மடிப்பில் இது சாவகாசமாக நடந்து முடிந்திருக்கும். கம்பிக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 1786, இதற்காகவே ஒரு சோதனை வைத்திருக்கிறது. கம்பியை வளைத்து, அரை மணி நேரம் கொதிநீரில் போட்டு, ஆறியபின் கொஞ்சம் மட்டும் திருப்பி வளைத்து, விரிசல் விடுகிறதா என்று பார்ப்பார்கள். பல மாதங்களில் நடக்கும் முதுமையை அரை மணி நேரத்தில் வரவழைக்கத்தான் அந்தக் கொதிநீர். அதிலும் அளவான உருளையில் மெல்ல வளைத்து, திருப்பும்போது பாதியளவுதான் நிமிர்த்துகிறார்கள். நாமோ கான்கிரீட் முனையில் மடக்கி, கடலோரத்தில் வருடக்கணக்கில் போட்டுவைத்து, முழுதாக நிமிர்த்துகிறோம். கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456 விதியும், பொறியாளர் ஒப்புதல் இல்லாமல் இந்த உறுதிக் கம்பிகளைத் திருப்பி வளைக்கவோ நிமிர்த்தவோ கூடாது என்றுதான் சொல்கிறது.

சிலர் மடிப்பை நிமிர்த்தக் குறுக்கு வழியாகத் தீயைப் பிடிப்பார்கள். காட்டினால் சுகமாக நிமிரும், உண்மை. கட்டுக் கம்பியின் கருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சிவக்கக் காய்ச்சினால் பழைய முறுக்குக் கம்பி, தான் சம்பாதித்த இறுக்கம் முழுவதையும் விட்டுவிட்டுப் பழைய மென்னிரும்பாகிவிடும். டி.எம்.டி.யில் தண்ணீர் பாய்ச்சிக் கெட்டிப்படுத்திய தோல் போய்விடும். பில்லில் 500 ரகம் என்று இருக்கும், தூணில் அந்த உறுதி இருக்காது.

ஏன் இத்தனை பயம்? அடுக்கு மாடியா கட்டுகிறோம், ஒரு தளம்தானே என்று கேட்பீர்கள். சும்மா நிற்கும் வீட்டுக்கு இது ஒருவேளை பெரிதாகத் தெரியாது. நிலம் ஆடினால் கதை வேறு. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் நிலம் நடுங்கியபோது சென்னையில் பாத்திரங்கள் ஆடின. அந்த ஆண்டு ஜனவரியில் நிலநடுக்கத்தில் குஜராத்தின் புஜ் நகரம் பெருமளவு இடிந்திருந்தது. 2002இல் நிலநடுக்க விதியைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். 2004 டிசம்பர் 26 காலை வந்த சுனாமியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நிலம் ஆடும்போது கம்பி நெகிழ்ந்தே தீரும். அப்படி நெகிழ்வதில்தான் ஆட்டத்தின் வேகம் கரைகிறது. நல்ல கம்பி ஓரிடத்தில் நெகிழ்ந்ததும் அந்த இடம் இறுகுகிறது. இறுகியதால் பாரத்தைப் பக்கத்து இடத்துக்குத் தள்ளுகிறது. பக்கத்து இடம் நெகிழ்ந்து, அதுவும் இறுகி, அடுத்ததற்குத் தள்ளுகிறது. ஒரு சாண் நீளம் பகிர்ந்து தாங்குவதால் தூண் சாய்ந்தாலும் விழாமல் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் வெளியே வர நேரம் கிடைக்கும். வீட்டைக் காப்பாற்றுவது கம்பிக்குள் இனிமேல்தான் நடக்கவேண்டிய இறுக்கம். முன்கூட்டியே மடக்கியும் தட்டியும் அதைச் செலவழித்துவிட்டால், ஆடும் அன்றைக்குக் கம்பியிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920, கம்பி அறும் விசை அது நெகிழத் தொடங்கும் விசையைவிட 15 விழுக்காடாவது கூடியிருக்க வேண்டும், நீட்சி 14.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று கேட்பது இதனால்தான். தம்புராத் தந்தி தூணுக்கு ஆகாது என்றதும் இதனால்தான்.

கடையில் “550 வாங்குங்க, 600 வாங்குங்க, ஸ்ட்ராங்” என்று சொல்வார்கள். எண்ணைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். வெறும் 500 ரகத்துக்குத் தரம் கேட்கும் நீட்சி 12 விழுக்காடு; 500 டி ரகத்துக்கு 16. உங்கள் வீட்டுக்கு 500 டி போதும். கம்பியின் உடம்பிலேயே ரகம் புடைப்பெழுத்தில் இருக்கும், படித்துப் பார்த்து இறக்குங்கள்.

இறக்குவது என்றதும் இன்னொன்று. கம்பி 12 மீட்டர் நீளம், நாற்பதடி. குப்பத்துச் சந்துக்கு அது வராது; அதனால் கடையிலேயே நடுவில் மடித்துக் குட்டியானையில் போட்டு அனுப்புகிறார்கள். இறக்கியதும் சம்மட்டியால் தட்டி நிமிர்த்துகிறோம். மேலே சொன்ன அத்தனையும் அந்த நடு மடிப்புக்கும் பொருந்தும். கடைக்காரரிடம் ஆறு ஆறு மீட்டராகவோ, உங்கள் தூணுக்கு வேண்டிய அளவிலோ வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டுகூலி கேட்டால் கொடுத்துவிடலாம். மடித்தே வந்துவிட்டதா, மடிப்பு இருக்கும் ஓரடியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை எங்கே போடலாம் என்று மேஸ்திரியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கம்பி வீணாகிறது என்ற வருத்தம் எனக்கும் புரிகிறது. 12 எம்.எம். கம்பி ஓரடிக்கு முந்நூறு கிராம்கூட இல்லை.

மாடியில் நேராக நிற்கும் கம்பி இருப்பவர்கள் தயவுசெய்து அதை அப்படியே விடுங்கள். குத்தும் என்ற பயம் நியாயமானது. கம்பி முனையில் பாட்டிலைக் கவிழ்த்து வைப்பதைவிட, தூண் உச்சியில் கம்பியைச் சுற்றி மட்டமான கலவையில் ஒரு குட்டைத் தூணாகப் போட்டு மூடிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் ஆபத்தில்லை, உப்புக்காற்றும் படாது. மாடி எடுக்கும்போது உளியால் தட்டினால் உதிர்ந்துவிடும். அதற்கும் வசதிப்படாவிட்டால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுச் சிமெண்ட் பால் பூசி, முனைக்கு மூடி மாட்டுங்கள், வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள்.

ஏற்கெனவே மடக்கியவர்கள் அதைத் தொடாதீர்கள். நிமிர்த்துவதற்கு முன் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மடிப்புக்குக் கீழே தூணின் மேல்முனையைக் கொத்தி, நேராக இருக்கும் கம்பி தேவையான அளவு வெளியே வருகிறதா என்று பார்த்து அதோடு புதுக்கம்பியைச் சேர்த்துக் கட்டலாம். முடியாத இடத்தில் தூணில் துளையிட்டு ரசாயனப் பசையால் புதுக்கம்பி நடலாம். இரண்டுமே வழக்கத்தில் இருக்கும் வேலைகள்தான். எது உங்கள் தூணுக்குப் பொருந்தும் என்பதை மடல் எழுதுகிறவன் சொல்லக் கூடாது, நேரில் பார்த்தவர் சொல்ல வேண்டும்.

கடைசியாகத் தம்பிகளுக்கு. தூணுக்குப் போடும் ரிங்கின் முனைகளை 90 பாகையில் நிறுத்தாமல், 135 வரை உள்ளே மடக்குங்கள். நேரம் பிடிக்கும், ஒரு நாளைக்குக் கட்டும் எண்ணிக்கை குறையும், தெரியும். அந்த மடக்கை ஒரே தடவையில், பலகையில் அடித்த ஆணியில் இல்லாமல், கம்பியைப் போல் நாலு மடங்கு கனமுள்ள முளையில் வளையுங்கள். 8 எம்.எம். கம்பிக்கு 32 எம்.எம். முளை. கோணம் தப்பிவிட்டால் நிமிர்த்தித் திருப்பி வளைக்காதீர்கள், அந்த ரிங்கை ஒதுக்கிவிட்டு வேறு வெட்டுங்கள். வீட்டுக்காரர்களே, ஒதுக்கிய ரிங்கைப் பார்த்துத் தம்பிகளிடம் கோபப்படாதீர்கள். சென்ட்ரிங் பலகை அடைப்பதற்கு முந்தைய நாள் சாயங்காலம் நீங்களே ஏறி ஒவ்வொரு தூணிலும் அந்த முனைகள் உள்ளே மடங்கியிருக்கின்றனவா என்று கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். கான்கிரீட் ஊற்றியபின் பார்க்க முடியாது.

அன்புடன்,
பெசன்ட் நகரிலிருந்து உங்கள் பக்கத்து ஊர்க்காரன்